பதினொரு விநாடி

வாடகை ஸ்விட்சர் நாளை காலை ஐந்தரைக்கு
மண்ணடியிலிருந்து ஆட்டோவில் வரும்.
ஒரு நாளுக்கு ஆறாயிரத்து ஐந்நூறு.
தொட்டுப் பழக இன்னொரு நாள் என்றால்
இன்னொரு ஆறாயிரத்து ஐந்நூறு.

அதனால் இந்த ராத்திரி
காலடிப்பேட்டை மாடி அறையில்
லேப்டாப்புக்குள் இருக்கும் பொய் ஸ்விட்சரோடு
உட்கார்ந்திருக்கிறேன்.
ஒயர் இல்லை, கேமரா இல்லை,
எட்டுக் கட்டத்திலும் ஒரே வண்ணப்பட்டை.

முதல் கேமராவுக்கு 'போர்டு மேலே' என்று பெயர் வைத்தேன்.
இரண்டும் மூன்றும் ஆட்டக்காரர் முகம்.
நான்கு, டெல்பின் தோளில் அலையப்போவது;
'டெல்பின்' என்றே எழுதினேன்.
கேரம் இறுதி ஆட்டம், புளியந்தோப்பு.
மூலையில் பிரியாணிக் கடை லோகோ,
ஸ்ட்ரைக்கர் ஓடும் வழியை மறைக்காமல்.

பச்சை. சிவப்பு. கட்.
பட்டையிலிருந்து பட்டைக்குத் தாவுகிறேன்.
படம் மாறவில்லை,
விளக்கு மட்டும் இடம் மாறுகிறது.

போன ஆவணியில் தங்கசாலைக் கல்யாணத்தில்
தாலி கழுத்தருகே போகும்போது
என் கட்டைவிரல் போய் உட்கார்ந்த அந்தக் கடைசிப் பொத்தான்
இங்கேயும் அதே மூலையில்.
மண்டபத்தின் இரண்டு திரையும் பதினொரு விநாடி கறுப்பு.
பெண்ணின் சித்தப்பா சொன்னது
எழுதுகிற வார்த்தை இல்லை.

அழுத்திப் பார்க்கிறேன்.
கறுப்பு.
யாரும் கத்தவில்லை.
எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரி போக
டம்ளர் தண்ணீர் நடுங்குகிறது.
பதினொன்றுவரை எண்ணினேன்.
நீளம்தான்.

சேமிக்கிறேன். ஃபைலின் பெயர்:
இறுதி. இறுதி இரண்டு.
மெய்யாலுமே இறுதி.

பென்டிரைவைச் சட்டைப்பையில் போட்டேன்.
பிறகு வெளியே எடுத்து,
அந்தப் பொத்தான் அளவுக்கு
இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு வெட்டி
அதன் முதுகில் ஒட்டிக்கொண்டேன்.