லிஃப்ட் இல்லாத ஊர்

ஞானதிரவியத்தின் கொரோலாவில் ஏசி
இடது பக்கம் மட்டும்தான் அடிக்கும்.
ஓட்டுகிறவன் பக்கம்.
ருவியிலிருந்து இரண்டரை மணி நேரம்
வலது பக்கத்தில் வெந்துகொண்டே
பஹ்லாவுக்கு வந்தேன்.

வளைவு திரும்பியதும் சுவர்.
மண் சுவர். குன்றில் ஏறி, இறங்கி,
பேரீச்சந்தோப்புக்குள் புகுந்து
எங்கோ போகிறது.
ஜின்கள் ஒரே ராத்திரியில் கட்டியதாகக் கதை.
"ஒரே ராத்திரியா?
ஓவர்டைம் யாரு கொடுத்தா?"
என்றான் ஞானதிரவியம்.

பதினோரு வருடமாக
மேலும் கீழுமாக மட்டுமே போய்வருகிறவன் நான்.
பதினாலாம் மாடிக்கும் பேஸ்மென்டுக்கும் நடுவே
கிரீஸ் நாறும் இருட்டுக் கிணற்றில்
கம்பிக் கயிற்றின் தேய்மானத்தை
விரலால் படிக்கிறவன்.
எண்ணிப் பார்த்தேன்:
கோட்டையைத் தள்ளிவிட்டால்
இரண்டு மாடிக்கு மேல் இங்கே ஒன்றுமில்லை.
இந்த ஊருக்கு என்னைத் தேவையே இல்லை.
அது ஏனோ
சட்டையின் மேல் பட்டனைக் கழற்றியதுபோல் இருந்தது.

கோட்டையில் டிக்கெட் கிழித்த பையன்
கைப்பேசியில் நேற்றைய கோலை
மறுபடி மறுபடி அடிக்க விட்டுப் பார்த்தான்.
படிகள் ஒன்றுபோல் இல்லை.
ஏழங்குலம். ஒன்பது.
அப்புறம் சொல்லாமல் கொள்ளாமல் பன்னிரண்டு.
என் இன்ஸ்பெக்டர் பார்த்திருந்தால்
ஊருக்கே சீல் வைத்திருப்பார்.
உச்சியில் காற்று.
பழுப்பு, பழுப்பு, நடுவில் திடீரென்று பச்சை.
ஒரு வெள்ளாடு
இடிந்த வீட்டின் ஜன்னலில் நின்று
குடியிருப்பவள்போல் வெளியே பார்த்தது.

பதினொன்றரைக்கு ஷட்டர்கள் இறங்கின.
சலூன், பலசரக்கு, மலையாளியின் டீக்கடை.
வெள்ளிக்கிழமை.
சந்தை மரத்தடியில் நாங்கள் இரண்டு பேர்தான்.
ஜின் தூக்கிப் போகாதிருக்க
முன்பு இந்த மரத்தைச்
சங்கிலி போட்டுக் கட்டியிருந்தார்களாம்.
எத்தனை டன் தாங்கும் சங்கிலி
என்று யோசித்தேன். தொழில்புத்தி.
ஞானதிரவியம் காருக்குள் தூங்கப் போனான்.

தோப்பு ஓரம் வாய்க்கால்.
கணுக்கால் மூழ்கக் காலை விட்டேன்.
சுண்டுவிரல் நீள மீன்கள்
குதிகால் வெடிப்பைக் கொத்தின.
ஒன்றும் செய்யவில்லை.
ஒன்றும் செய்யாமல் இருக்க எனக்கு
வெகு நேரம் பிடித்தது.

போன் அடித்தது. வேல்ராசு.
"அண்ணே, அல் குவைர்ல ரெண்டாம் நம்பர் நின்னுருச்சு.
உள்ளே ஒரு பிலிப்பைன்ஸ் பொண்ணு,
ரெண்டு தண்ணி கேன்."
"அவகிட்ட பேசுனியா?"
"மேனேஜர்கிட்ட பேசுனேன்."
"மொதல்ல அவகிட்ட பேசு. பேரைக் கேளு.
மணி கேட்டா சொல்லாதே."
பொறுத்தேன்.
"மேரிவிக்காம்ணே. அழலை. பாடிட்டிருக்கு."
"சரி. மெயினை அணை. பிரேக்கை மெதுவா விடு.
ஒரு சாண் இறக்கு. நிறுத்து.
ஒரு சாண். நிறுத்து."

அப்போதுதான் பார்த்தேன்,
வாய்க்காலில் தண்ணீர் குறைகிறது.
கணுக்கால் தெரிந்தது.
"நிறுத்து."
புறங்கால் தெரிந்தது.
"இன்னும் ஒரு சாண்."
மீன்கள் பள்ளம் தேடி ஓடின.
"தளம் வந்திருச்சுண்ணே. கதவு திறந்துட்டேன்.
அது உனக்குத் தேங்க்ஸ் சொல்லுது."
என் கால்கள் வெறும் சேற்றில்.

மேல்புறம் ஒருவன்,
பார்சிலோனா பனியன், மடித்துக் கட்டிய லுங்கி,
கல்லும் கந்தல் துணியும் வைத்து
மடையை அடைத்துக்கொண்டிருந்தான்.
முறைத் தண்ணீர்.
இந்தப் பக்கத்து நேரம் முடிந்துவிட்டது;
இனி அவன் எலுமிச்சைகளுக்கு.
என் காலைப் பார்த்தான், சிரித்தான்,
மணிக்கட்டைத் தட்டிக் காட்டினான்.
நானும் தட்டிக் காட்டினேன்,
எதற்கென்று தெரியாமல்.

நான்கு மணிக்கு ஊர் கண் விழித்தது.
கரக் டீ, இரண்டு பரோட்டா.
சலூன்காரன் தன் முகத்துக்கே
சோப்பு போட்டுக்கொண்டிருந்தான்.
"திரும்பும்போது நீ ஓட்டு" என்று
சாவியை எறிந்தான் ஞானதிரவியம்.
நிஸ்வா தாண்டும்வரை பேசவில்லை.
முகத்தில் குளிர்காற்று,
பாதத்தில் காய்ந்து இறுகும் சேறு.

ருவியில் எங்கள் கட்டடம்.
லிஃப்ட் கீழேயே நின்றிருந்தது,
கதவைத் திறந்து வைத்துக்கொண்டு.
வேண்டாம் என்று படியில் ஏறினேன்.
ஏழங்குலம், ஏழங்குலம், ஏழங்குலம்.
மூன்றாம் மாடியில்
தடுக்கி விழப் பார்த்தேன்.