கிழிந்த வால்

பதினேழாம் எண் மெட்ரோவில் ஒரு மணி நேரம்.
ஷாங்காயின் கோபுரங்கள் ஒவ்வொன்றாய்க் குள்ளமாகி
கடைசியில் நாணலும் சரக்குக் கிடங்குகளும்.
பரிசோதனை முடிவு திங்கட்கிழமைதான் வரும்,
அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது
என்றாள் பெய்லான்.
இன்று சனி.

வெள்ளைச் சுவர், கறுப்பு ஓடு,
தண்ணீரில் கால் நனைத்து உட்கார்ந்திருக்கும் ஊர்.
சந்தில் இரண்டு பேர் எதிர்ப்பட்டால்
ஒருவர் கடைக்குள் ஒதுங்க வேண்டும்;
ஒதுங்கினால் எதையாவது வாங்க வேண்டும்.
அப்படித்தான் என் கையில்
இலையில் கட்டிய பசையரிசி உருண்டை இரண்டும்
வழுக்கைத் தலைக்கு ஒரு மரச்சீப்பும் வந்து சேர்ந்தன.

வாடகைப் பட்டு உடுத்திய பெண்கள்
படித்துறையில் நின்று கைபேசிக்குச் சிரிக்கிறார்கள்.
அவர்கள் காலடியிலேயே ஒரு வீட்டுக்காரி
தரை துடைக்கும் துணியைக் கால்வாயில் அலசுகிறாள்.
படத்தில் விழாமலிருக்க அவள் நகரவில்லை.
இது யாருடைய ஊர் என்று
அந்த ஒரு முதுகு சொல்லிவிட்டது.

நான் லிஃப்ட் மெக்கானிக்.
எங்கே போனாலும் எனக்கு முன்னால் என் காது போகும்.
படகுத் துடுப்பு முளையில் உரசி எழுந்த கிறீச்சொலி
எண்ணெய் கேட்கிறது என்றேன்.
"இன்று ஒரு நாள்
எதையும் பழுது பார்க்காதே" என்றாள்.

ஐந்து வளைவுக் கல்பாலத்தின் அடியில்
பிளாஸ்டிக் பைகளில் பொன்மீன்கள்.
ஆற்றில் விட்டால் புண்ணியம். பை பத்து யுவான்.
விற்பவள் ஒற்றை இயர்ஃபோனில்
யாரிடமோ வாடகைக்குத் தவணை கேட்டுக்கொண்டே
விரலால் விலை சொன்னாள்.
வெங்காயத்தாளுக்கும் பேரம் பேசுகிற பெய்லான்
பேசாமல் கொடுத்தாள்.
வால் நுனி கிழிந்த ஒன்றைக் காட்டி, அது, என்றாள்.
படியிறங்கிப் பையின் வாயைப் பிரித்து
தண்ணீரைத் தண்ணீரில் ஊற்றினாள்.
உதடு அசைந்தது.
என்ன கேட்டாய் என்று நான் கேட்கவில்லை.

அரைமணி கழித்து, தேநீர்க்கடை ஜன்னல்.
பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பையன்,
பள்ளிச் சீருடைக் கால்சட்டையை முழங்காலுக்குச் சுருட்டி,
நீண்ட கழியில் வலை.
ஒன்று. இரண்டு. ஏழு.
வாளி நேராக அவன் அம்மாவிடம் போகிறது.
எனக்கு ரத்தம் தலைக்கேற
எழுந்த வேகத்தில் கோப்பை கவிழ்ந்தது.
பெய்லான் சிரித்தாள்.
மேசையில் நெற்றியை வைத்து, தோள் குலுங்க,
அழுகிறாளோ என்று நான் குனிந்து பார்க்கும் அளவுக்கு.
"பிழைத்துத் திரும்பியிருக்கிறது பார்," என்றாள்,
"போய் வாங்கி வா."

அதே வால். அதே பத்து யுவான்.
விற்பவள் மீனைப் பார்த்தாள்,
என்னைப் பார்த்தாள்,
ஒரு சிட்டிகை தீனியைத் தாளில் மடித்துக்
கொசுறாகப் போட்டாள்.
அதற்கு மேல் எங்களுக்குள் பேச்சில்லை.

மெட்ரோ வாசலில்
தண்ணீர் என்றால் ஒரு வாய் குடித்துக் காட்டச் சொல்வது வழக்கம்.
"குடியுங்கள்" என்றான் காவலன், நிமிராமலே.
பெய்லான் பையை அவன் முகத்துக்கு நேரே தூக்கினாள்.
மீன் வாயைத் திறந்து மூடியது.
உயிருள்ளவை கூடாது என்கிற பலகையை அவன் பார்த்தான்;
அவள் முழங்கை மடிப்பில் இன்னும் உரிக்காத
ஆஸ்பத்திரிப் பஞ்சைப் பார்த்தான்.
காது சிவந்து, "போங்கள், சீக்கிரம்."

வீட்டில் கிண்ணம் இல்லை,
கடுகுக்கீரை ஊறுகாய் ஜாடி ஒன்று இருக்கிறது,
கழுவினால் போதும், என்று திட்டம் போட்டபடி வருகிறாள்.
மடியில் பை.
வண்டி தரைக்கு அடியில் இறங்கியதும்
மீனும் நாங்களும் ஒரே கறுப்புக் கண்ணாடியில்.
ஒவ்வொரு நிலையத்திலும் தண்ணீர் முன்னால் சாய்ந்து
பிறகு நேராகிறது.
பிரேக்கில் ஏதோ தேய்ந்திருக்கிறது, எனக்குக் கேட்கிறது.
சொல்லவில்லை.