தலையெழுத்து

ஊபோன் நகரத்து ஐஸ் தொழிற்சாலையில்
கம்பூனுக்கு இரவு ஷிப்டு.
குளிரறைக் கதவில், பிளாஸ்டிக் உறைக்குள்
ஒரு தாள்.
எல்லாம் ஆங்கிலச் சொற்கள்,
எல்லாம் ஐந்தெழுத்து,
எல்லாவற்றுக்கும் ஒரே தலையெழுத்து:
க்யூ.

வட்டத்துக்கு ஒரு வால்.
மழை விட்டபின் மூன் ஆற்றங்கரையில்
நெளியும் தலைப்பிரட்டைகளைப் பிடித்து
யாரோ வரிசையில் நிறுத்தி
அசையாதே என்று அதட்டியது போல.

அவளுக்கு ஆங்கிலம் வராது.
குயின் தெரியும், சீட்டுக்கட்டில் இருக்கிறாள்.
கோட்டா தெரியும், தம்பிக்குக் கல்லூரியில் கிடைக்காதது.
கியூ தெரியும்,
ஆஸ்பத்திரியில் காலை ஐந்து மணிக்குக் கிழித்துத் தரும்
துண்டுச்சீட்டு.
மற்றதெல்லாம் வெறும் ஓசை.
அச்சிலிருந்து பனிக்கட்டி சரியும்
ஒவ்வொரு தடாலுக்கும் ஒரு சொல்.
குவெல். தடால்.
குவிக். தடால்.
குவில்ட். தடால்.

குவில்ட் என்றால் பஞ்சு வைத்துத் தைத்த போர்வை.
அது தெரியாமலே
மூன்று வருடமாக அந்தக் குளிரில்
அதைச் சொல்லிக்கொண்டு நிற்கிறாள்.

புலவர்கள் இதை மோனை என்பார்கள்.
அவளுக்கு இது பத்துப் புள்ளி.
சொல்லுக்கு அர்த்தம் தேடினால் கை தாமதிக்கும்
என்பது அவள் கணக்கு.
சுமை தூக்குகிறவளுக்குத் தெரியாதா
எதை இறக்கி வைப்பதென்று.

பாங்காக்கில் ஒரு பெருங்கடை, ஐந்தாம் மாடி,
செருப்புக் கடைக்கும் பல் மருத்துவருக்கும் நடுவே
நாற்பது மேசை, நாற்பது கடிகாரம்.
எதிரில் அலிக் கௌயி,
ஸ்காட்லாந்தின் ஃபிரேசர்பரோ துறைமுகத்துக்காரர்,
மீன்பிடிக் கப்பல்களின் எஞ்சினோடு
காதில் பாதியைக் கடலில் விட்டவர்.

கம்பூன் கையில் க்யூ வந்தது.
யூ வந்தது.
பலகையின் ஓரத்தில் மூன்று மடங்குச் சிவப்புக் கட்டம்
வாயைப் பிளந்து கிடந்தது.
வைத்தாள்:
க்யூ, யூ, ஐ, என், ஈ.
குவைன்.

லண்டன்காரன் என்றால் கை தூக்கியிருப்பான்,
இப்படி ஒரு சொல் உண்டா என்று.
கௌயி கை தூக்கவில்லை.
கடிகாரத்தைத் தட்ட மறந்து உட்கார்ந்திருந்தார்.
அவருடைய நிமிடங்கள் கரைந்துகொண்டிருந்தன,
அவள்தான் விரலால் சுட்டிக் காட்டினாள்.

ஆட்டம் முடிந்ததும்
பக்கத்து மேசைப் பையனை இழுத்துவந்து கேட்கச் சொன்னார்,
அர்த்தம் தெரிந்தா வைத்தாய்?

நாற்பத்திரண்டு, என்றாள்.

பையன் அதை அப்படியே சொல்ல
கௌயி சிரித்தார், இருமினார், மறுபடி சிரித்தார்.
இல்லையம்மா, அது எங்கள் ஊர்ச் சொல்.
என் அக்காவை வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவோம்.
பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டேன் ஒரு நாள்,
இது இங்கிலீஷ் இல்லை என்று
தோல்பட்டையால் உள்ளங்கையில் இரண்டு.

பிறகு எதிரே விரலை நீட்டினார்.
பெண். அதாவது நீ.

பத்தொன்பது புள்ளியில் தோற்றிருந்தாள்.
அது ஒரு பக்கம் உறுத்த,
ரயிலில் இரவு முழுக்க
தூங்காமல் வந்தாள்.

இப்போதும் அதே கதவு, அதே தாள்.
குவில்ட். தடால்.
குவைனா. தடால்.
குவைன்.

அங்கே நிற்கிறது நாக்கு.
பனிக்கட்டி விழுந்துவிடுகிறது, சொல் வருவதில்லை.
வரிசையில் ஒருத்திக்கு முகம் வந்துவிட்டது,
இனி மற்றவற்றையும்
தலைப்பிரட்டை என்று தாண்டிப்போக முடியவில்லை.
குவிர்க், இது யார் வீட்டில்
யாரைக் கூப்பிடுவது?
குவெர்ன், இதைச் சொன்னதற்கு
யார் கையில் அடி விழுந்தது?

லாரிக்காரன் ஹாரன் அடிக்கிறான்.
இருபது கட்டி குறைகிறதாம்.
வந்தேன், என்கிறாள்,
ஈரக் கட்டை விரலைத் தாளிலிருந்து எடுக்காமல்.