மூன்று வழிகளும் ஒரு கம்பியும்

போன ஆண்டு மார்ச்சில் புயல் பாலத்தைத் தின்றது.
பெய்ரா துறைமுகத்தில் என் காகிதம்
நாற்பத்தொரு நாள் நின்றது.
நிற்பதற்கும் வாடகை உண்டென்று
அப்போதுதான் தெரிந்தது.

செப்டம்பரில் பள்ளி திறந்தபோது
லிம்பேயில் என் அச்சகம் அவ்வளவு சுத்தம்.
எண்ணெய் போட்ட இயந்திரம், கூட்டிய தரை,
கை கட்டி நிற்கும் பதினோரு பேர்.
சோம்பாவிலிருந்து ஒரு தலைமையாசிரியர் வந்தார்.
திட்டவில்லை.
பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து வைத்தார்:
சிமெண்ட் பையைக் கிழித்து, உட்புறம் திருப்பி,
சணலால் தைத்தது.
"இப்படி நானூறு செய்தோம்.
கோடு போடத்தான் நேரமில்லை."

அது இன்னும் என் மேசையில் கிடக்கிறது.

இந்தமுறை டிசம்பரிலேயே தொடங்கினேன்.
"கிறிஸ்துமஸுக்கு முன்பே செப்டம்பரா?"
கணக்கர் ஃபட்சானி சிரித்தான்.
பெய்ரா வழியாகப் பாதி.
நக்காலாவிலிருந்து ரயிலில் கால்;
ஆமை ரயில், ஆனால் புயலுக்கு அந்த விலாசம் தெரியாது.
மிச்சம் தார் எஸ் சலாமிலிருந்து,
வடக்கு எல்லை சுற்றி, கூடுதல் விலைக்கு.
அந்தக் கூடுதலுக்குத் தூக்கம் என்று பெயர் வைத்தேன்.
வங்கிக்காரர் ஒப்பவில்லை:
"கிடங்கில் காகிதம் படுத்திருந்தால்
தூங்குவது பணம், அம்மா."
தூங்கட்டும். நானும் கொஞ்சம் தூங்குவேன்.

பள்ளிகளுக்கு எழுதினேன்,
ஆகஸ்ட் இருபது என்று அல்ல,
பத்துக்கும் முப்பதுக்கும் நடுவே என்று.
ஒரே தேதி சொல்லும்போது குரல் நிமிர்கிறது.
இரண்டு சொன்னால் தொண்டை கரகரக்கிறது.
இரண்டு சொன்னதுதான் உண்மை.

லாரி ஓட்டும் அர்மிந்தோவின் எண்
சுவரில், சுண்ணாம்பின் மேல்.
அவன் செய்திகள் சின்னவை.
"தேத்தேயில் டீசல் இல்லை."
"எல்லையில் வரிசை. நான் எண்பத்தாறு."
மூன்று நாள் கழித்து:
"எண்பத்தாறு."

ஜூலை. சிப்பெரோனித் தூறல்
மலையிலிருந்து இறங்கி ஊரை நனைத்தது.
ரயில் காகிதம் வந்தது, வடக்குக் காகிதமும் வந்தது.
கிடங்கு நிரம்பி வராந்தாவில் தார்ப்பாய் போட்டோம்.
அர்மிந்தோ வராவிட்டாலும் பாதிப் பள்ளிக்குப் போதும் என்று
அன்று இரவு ஒரு பியர் குடித்தேன்.

எட்டாயிரமாவது நோட்டில்
தையல் இயந்திரம் வெறும் வாயை மென்றது.
கம்பி தீர்ந்துவிட்டது.
பக்கங்களை நடுவில் பிடிக்குமே, அந்தக் கம்பி,
முடியைவிடச் சற்றே தடிமன்.
பத்து வருடமாக ஒரே கடை, கேட்டால் மறுநாள் வரும்.
அது எங்கிருந்து வருகிறதென்று
நான் கேட்டதே இல்லை.
இப்போது கேட்டேன்.
எண்பத்தாறுக்குப் பின்னால் எங்கோ,
அதே வரிசையில்.

அச்சகம் நடத்துகிறவள்
அச்சாணியை மறந்தேன்.

எதிர்ச்சாரியில் நியாசுலுவின் அச்சகம்.
பதினான்கு வருடம் ஒரே டெண்டருக்கு
விலையைக் குறைத்துக் குறைத்து
ஒருவரை ஒருவர் இளைக்க வைத்தோம்.
சாலையைக் கடந்து போனேன்.
அவர் இயந்திரமும் சுத்தமாக இருந்தது.
எனக்கு அந்தச் சுத்தம் தெரியும்.
"கம்பி இருக்கிறதா?"
"ஒன்பது சுருள். காகிதம்தான் இல்லை."
இருவரும் சிரிக்கவில்லை.
மதியம் வரை ஒரே தள்ளுவண்டி
போகும்போது காகிதமும் வரும்போது கம்பியுமாக
மினிபஸ்களின் வசவுக்கு நடுவே ஓடியது.

அன்று மாலை ஃபட்சானியிடம் சொன்னேன்:
ஒரே இடத்தில், ஒரே ஆளிடம் மட்டும் இருப்பவற்றை
எழுதிக்கொண்டு வா.
பசை. வெட்டும் கத்தியின் வில்.
கத்தி தீட்டும் பாங்வேக்காரர்,
அவருக்கு எழுபது வயது.
பதினேழு வரை மளமளவென்று எழுதினான்.
பதினெட்டில் பேனாவை நிறுத்தி,
என்னைப் பாராமல்,
அட்டுபெலே என்று என் பெயரை எழுதினான்.

மறுநாள் காலை பெட்டகச் சாவிக்கு
நகல் எடுக்க ஆள் அனுப்பினேன்.
சாவிக்காரர் ஊரில் இல்லையாம்.
வெள்ளிக்கிழமை வருவாராம்.