வேறு காரணம்

கிழட்டு மரங்களை எண்ணி வரும்படி
மாநகரசபை என்னை அனுப்பியது.
மூன்று மீற்றர் நாடா ஒன்று, சுண்ணக்கட்டி, படிவக் கட்டு,
நாட்கூலிக்கு றிஸ்மி.

கொம்பனித்தெரு அரசமரத்தடியில்
கண்ணாடிக் கூட்டுக்குள் புத்தர்.
கொந்திராத்துக்காரர் வீதியை
அவரைச் சுற்றி வளைத்துக்கொண்டு போயிருந்தார்.
பொரளைக் கனத்தையில் கல்லறை பிளந்து வேர் ஏறியிருந்தது.
முறைப்பாடு எதுவும் வரவில்லை என்றார் காவலாளி.
தூதரக மதிலுக்குள் ஓர் ஆல்.
வெளியே தொங்கிய விழுதை மட்டும் அளந்தோம்,
மிச்சத்துக்கு விசா வேண்டும்.
முகாமுக்குள் நின்ற மழைமரத்தை
துவக்கைத் தோளில் போட்டுக்கொண்டு
பொடியன் ஒருவன் தானே கட்டிப்பிடித்துப் பார்த்து
"மூன்றரை ஆள்" என்று சிங்களத்தில் கத்தினான்.
அப்படியே எழுதிக்கொண்டேன்.

பிறகு பம்பலப்பிட்டி,
கடலுக்கு இறங்கும் ஒழுங்கை.
தெய்வேந்திரத்துக்கும் தம்பி அமரசிங்கத்துக்கும்
முப்பத்தொரு வருட எல்லை வழக்கு.
எல்லையின் மேல் ஒரு நாவல்.
இலை கிள்ளவும் தடையுத்தரவு.
கிளை முறிந்து ஓடு நொறுங்கியபோதும்
இருவரும் வாளியை வைத்து மழையை ஏந்தினார்கள்,
முதலில் கத்தியெடுப்பவன் தோற்றவன் என்று.
பழம் மட்டும் இரண்டு முற்றத்திலும் விழுந்து
ஒரே ஊதாவில் கறைப்படுத்தியது.
நாடா எட்டவில்லை.
என் சால்வையை முடிந்து சுற்றளவு எடுத்தோம்.
வீட்டுக்கு வந்து உதறியபோது
உள்ளே இன்னும் நாலைந்து முசுறு.

ஆடியில் திரும்பவும் போனேன்.
மெல்பேர்னிலிருந்து மகள்மார் வந்து
ஆளையாள் கட்டிப்பிடித்து அழுதார்களாம்.
சமரசம். பதினான்கு மாடி, ஆளுக்கு ஏழு.
லட்டு தந்தார்கள். தின்றேன்.
நல்ல நெய்.
அண்ணனும் தம்பியும் ஒரே வாங்கில்
ஒரே பேப்பரைப் பிரித்து வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

அடிக்கட்டை மாத்திரம் மிச்சம்.
றிஸ்மி குந்தியிருந்து வளையம் எண்ணப் பார்த்தான்.
மாரியும் கோடையும் கலந்த ஊரில்
மரங்கள் வருடத்தைச் சரியாக எழுதுவதில்லை.
நாற்பதில் ஒருமுறை விட்டான், அறுபதில் ஒருமுறை.
வயது: தெரியாது.

இழப்புக்குக் காரணம் என்று ஒரு நிரல் உண்டு.
நோய். புயல். வீதி அகலிப்பு. வேறு.
'வேறு' என்பதில் அடையாளமிட்டு
'சமாதானம்' என்று எழுதினேன்.
மேலதிகாரி சிவப்பு மையால் வெட்டினார்,
எழுத்துப்பிழை என்று நினைத்திருக்கலாம்.

வெள்ளவத்தையில் ஒரு புளி நிற்கிறது என்றான் றிஸ்மி.
மூன்று சகோதரர்களாம், பேச்சுவார்த்தையே இல்லையாம்,
தாயின் செத்தவீட்டிலும் வேறுவேறு பந்தலாம்.
நாங்கள் 155ஐப் பிடிக்க ஓடினோம்.