பாதி மூடிய சோக்

சிமெண்ட் தரையில் நன்றாகத்தான் ஓடுகிறது.
வேலிமேல் முழங்கை ஊன்றி மர்டோ கேட்கிறார்,
"இதுக்கு என்ன கேடு, ரேவின்?"
கேடு புல்லில் இருக்கிறது, மர்டோ.
முன்சக்கரம் புல்லுக்குள் இறங்கியதும்
சத்தம் தாழ்கிறது,
ஒரு செருமல், ஒரு விக்கல்,
அப்புறம்
வின்டன் ஊர் முழுக்கக் கேட்கும் ஓர் அமைதி.

ஆறு வாரம் இரட்டை ஷிஃப்ட்.
ஆட்டிறைச்சி ஆலையில் நான் செயினோடு ஓடிக்கொண்டிருக்க
நவம்பர் மழையைக் குடித்துக் குடித்துப்
புல் முழங்காலைத் தாண்டிவிட்டது.
திங்கட்கிழமை பத்து மணிக்கு
வீட்டு ஏஜென்ட் கேமராவோடு வருவாள்.
இன்று சனி. தெற்கே கடல்பக்கம்
வானம் ஈயம் காய்ச்சிக்கொண்டிருக்கிறது.

பிளக்கை மாற்றினேன். பதினொரு டாலர்.
பழையதன் முனை வெளுத்துக் கிடந்தது,
அப்போதே கவனித்திருக்க வேண்டும்.
பிளேடடியில் கெட்டித்த புல்லைக்
கரண்டியால் சுரண்டினேன்
(பிளக் வயரைப் பிடுங்கி வைத்துவிட்டுத்தான்.
பத்து விரலும் வேண்டும், ஆலைக்கு).
ஃபில்டரைத் தட்டினால்
போன வருடத்துத் தூசியும் ஒரு சிலந்தியும்.
"மூச்சு முட்டுது அதுக்கு. காத்து விடு, காத்து விடு"
என்றார் மர்டோ.
ஃபில்டரே இல்லாமல் ஓட்டிப் பார்த்தேன்.
இன்னும் சீக்கிரம் செத்தது.

ஐந்தாவது தரமோ ஆறாவதோ,
கயிற்றை இழுத்த கோபத்தில்
சோக்கைத் திறக்க மறந்து
அப்படியே புல்லுக்குள் தள்ளினேன்.
நிற்கவில்லை!
கறுப்பாய் ஒரு புகை, ஒரு உறுமல்,
வேலிவரை போயிற்று.
சோக்கைத் திறந்தேன்: விக்கல்.
பாதி மூடினேன்: உறுமல்.
தொண்டையைப் பாதி நெரித்தால்
வலு வருகிறது இந்த ஜந்துவுக்கு.
மூச்சு இல்லை அதன் குறை.
சோறு.

சும்மா நிற்க ஒரு துளை,
சுமை இழுக்க இன்னொரு துளை.
முதல் துளை திறந்துதான் இருக்கிறது, அதனால்தான்
வேலிக்கு அந்தப் பக்கம் நிற்பவர் முன்னால்
இவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்கிறது.

போன மே மாதம் செயின் வேகத்தைக் கூட்டிய வாரம்
கத்தியைப் பிடித்தபடி என் கை நின்றுபோனது.
ஆலை நர்ஸ் ஆழமாக மூச்சிழுக்கச் சொன்னாள்.
இழுத்தேன்.
காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்கவில்லை,
கேட்டாலும் பொய்தான் சொல்லியிருப்பேன்.

கார்பரேட்டர் கிண்ணத்தைத் தாங்கும் போல்ட்டே ஜெட்.
கழற்றினால் பழைய பெயிண்ட் வாடை,
அடியில் பச்சைப் பாகு.
டாங்க் நிறையப் பெட்ரோலோடு இதை ஏப்ரலில்
ஷெட்டுக்குள் தள்ளிச் சாத்தியது
டேரில் என்று சொல்ல ஆசைதான்.
அவன் போனது மார்ச்சில்.

மேசைவிளக்கு வயரைப் பிரித்து
ஒற்றைச் செம்பு இழை எடுத்தேன்.
குத்த, ஊத, மறுபடி குத்த.
உயர்த்திப் பிடித்தபோது
துளை வழியே ஊசிமுனை அளவு
ஈய வானம்.

புதுப் பெட்ரோல் ஊற்றி, சோக்கை முழுக்கத் திறந்து
வேலியோரம், புல் தடித்த இடமாகப் பார்த்து இறக்கினேன்.
ஒரு கணம் தாழ்ந்தது.
என் வயிறும் தாழ்ந்தது.
கவர்னர் ஸ்பிரிங் ஒரு வெட்டு வெட்டி
தொண்டையைத் திறந்துவிட
பிடித்து ஏறியது,
ஈரப்புல் என் கெண்டைக்காலில் அறைந்து ஒட்டியது.

"பிளக் மாத்தினதும் சரியாப்போச்சு பாத்தியா"
என்றார் மர்டோ.
ஆமாம் என்றேன், எஞ்சின் சத்தத்துக்கு மேலே.

இரண்டு வரிசை மிச்சமிருக்கையில் மழை.
அது நிற்கட்டும், போட்டோவில் வரட்டும்.
ஷெட் வாசலில் பெட்ரோல் குழாயைத் திருகி மூடிவிட்டு
கிண்ணம் காலியாகும்வரை நனைந்துகொண்டு நின்றேன்.
இந்த முறை விக்கல் இல்லை,
தீர்ந்ததால் நின்றது.

உள்ளே போய்
மூன்று முட்டை உடைத்து ஊற்றினேன்.