மூன்றரை மணி வெள்ளம்

பால் வெட்டப் போகிற வழியில்
நெற்றி விளக்கை ஒருநாள்
சிற்றாறு அணைப் பக்கம் திருப்பினேன்.
யாரோ இரண்டு பீடியைப் பற்றவைத்து
வெள்ளத்தில் நிறுத்தியதுபோல் கனல்.
அணையவில்லை. அசையவும் இல்லை.

கண்ணுக்கும் கண்ணுக்கும் நடுவே
என் சாணுக்கு மேலிருக்கும்.
மீதி உடம்பை வீட்டுக்கு வந்துதான் அளந்தேன்,
அடுக்களைச் சுவரிலிருந்து முற்றத்துப் படி வரை.

தாசையன் கரையில் கட்டிய வெள்ளாட்டில்
கயிறு மட்டும் மிஞ்சியது,
குற்றியில் முடிச்சு அவிழாமல்.
சத்தம் கேட்டதா என்றார்கள்.
தவளைகள் நின்றதைத்தான் கேட்டோம்.

வனத்துறை போர்டு வைத்தது:
முதலை நடமாட்டம் உள்ள பகுதி.
அது நடந்து யார் பார்த்தது?
பிறகு கூண்டு, உள்ளே இரண்டு பிராய்லர் கோழி.
நாலாம் நாள் அகப்பட்டது ஒரு உடும்பு,
தின்று கொழுத்து, வெளியே வர மனமில்லாமல்.
சிரித்தோம்.
சிரித்தபடியே வெள்ளத்தைப் பார்த்தோம்.

இப்போது துணி அலச யாரும் இறங்குவதில்லை.
குளியல் வாளியில்,
வாளிக்குள்ளும் ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டு.

உண்மையைச் சொல்கிறேன்.
பதினெட்டு வருஷம் அது எனக்கு வெறும் வெள்ளம்.
மரம் மரமாய்க் கத்தி இழுத்து
சிரட்டை சிரட்டையாய்க் குனிந்தவள்
ஒருநாளும் அந்தப் பக்கம் நிமிர்ந்ததில்லை.

நேற்று கனல் இல்லை.
நிம்மதியாய்ப் போயிருக்க வேண்டும்.
முப்பது மரத்தை அப்படியே விட்டுவிட்டு
ஓரடி, இன்னும் ஓரடி
சரிவில் இறங்கி
விளக்கால் துழாவிக்கொண்டிருந்தேன்.

கணுக்காலில் வெள்ளம் பட்டது.
தவளைகள் நின்றன.